சிவப்புக் கிரேயான்

எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று வருஷமாகக் குடியிருக்கும் நண்பரைப் பற்றி, "அவருக்கு என்ன உத்தியோகம்?" என்று யாராவது கேட்டால், நான் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்லுவது வழக்கம். கிராபிக் டிசைனர் என்று அவர் சொல்லிக்கொள்ளுகிறார். எந்த ஆபீஸிலும் கையெழுத்துப் போடாமல், எந்த முதலாளிக்கும் கும்பிடு போடாமல், ஃப்ரீலான்ஸாக, அதாவது சர்வ சுதந்திரமாக அத்தொழிலை நடத்துகிறார் என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பதத்தின் முற்பாதியை மட்டுமே வாடிக்கைக்காரர்கள் காதில் வாங்கிக்கொள்ளுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாளைய மனக்குறை. நான் கண்ணால் கண்டதைச் சொல்லுவதானால், அவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் படம் போடுகிறார். மிச்சமுள்ள நேரத்தையெல்லாம் படம் போடுவதற்கு வேண்டிய உபகரணங்களைச் சேகரிப்பதிலும், உத்வேகம் வரும் வழி பார்த்துக் காத்திருப்பதிலும் செலவிடுகிறார்.

உபகரண விஷயத்தில் அவருக்குள்ள சிரத்தை, வைதிகர்களுக்குப் பூஜா திரவியங்களில் உள்ள சிரத்தைக்குச் சற்றும் குறைந்ததன்று. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா ஆகிய மும்மூர்த்திகளோடு, காணிக்கை கேட்காத கிராமதேவதைகளான இங்க்ஸ்கேப், ஜிம்ப் ஆகியவற்றுக்கும் அவருடைய கம்ப்யூட்டரில் சந்நிதி உண்டு. ஃபாண்டுகள் மட்டும் 2,300 சேர்த்திருக்கிறார். இந்தப் பாரத்தையெல்லாம் சுமந்துகொண்டு அந்த இயந்திரம் எழுந்திருக்கப் படும் பாட்டை என்னென்பது! காலையில் அதைத் தட்டிவிட்டு, மாடிப்படி இறங்கி வந்து, என்னோடு ஒரு டம்ளர் காபி சாப்பிட்டு, பத்திரிகையில் தலையங்கம் வரைக்கும் படித்துவிட்டு அவர் மேலே போனால், அப்போதுதான் அது கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்.

நிற அட்டைக் கொத்து ஒன்றும் வைத்திருக்கிறார். பான்டோன் என்ற அமெரிக்கக் கம்பெனியார் 1963-இல் ஏற்படுத்திய முறைப்படி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கொடுத்து, நீளநீளமான அட்டைகளில் அச்சிட்டு, ஒரு முனையில் ஆணி அடித்து, விரித்தால் விசிறியாகவும் மடக்கினால் செங்கல்லாகவும் தோன்றும்படி செய்திருக்கிறார்கள். அதன் விலையைக் கேட்ட அன்று நான் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்குள் நிறம் மங்கிவிடும், ஆகையால் புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அந்தக் கம்பெனியாரே உபதேசமும் செய்கிறார்களாம். சென்ற கோடையில் மின்சாரம் நின்றுபோன ஓர் இரவு, மாடியிலிருந்து இளங்காற்று வீசியதுபோல ஒரு சப்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். நண்பர் பான்டோனை விரித்து விசிறிக்கொண்டிருந்தார். போட்ட பணத்துக்கு அன்றைக்குத்தான் வட்டி வந்தது என்று எனக்கு அபிப்பிராயம்.

ஆவணி மாதத்தில் எங்கள் தெருக்கோடிச் செக்கு எண்ணெய்க் கடை அண்ணாச்சி, தீபாவளிக்குள் நல்லெண்ணெய்ப் பாட்டிலுக்கு ஒரு லேபிள் வேண்டுமென்று அவரைத் தேடி வந்தார். கூலி பேசும் கட்டத்தில்தான் நண்பர் ஒரு பெரும் பிழை செய்தார். தம்முடைய தொழிலின் மகிமையை உணர்த்தும் பொருட்டு, நைக்கி கம்பெனியின் வளைந்த கோட்டுச் சின்னத்தை 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்த கதையையும், அதற்கு அவள் 35 டாலர் வாங்கிய விவரத்தையும் எடுத்துரைத்தார். 1983-இல் அந்தக் கம்பெனியார் அவளை அழைத்து மோதிரமும் பங்குகளும் கொடுத்துக் கௌரவித்தார்கள் என்ற பிற்பகுதிக்குள் அவர் நுழைவதற்குமுன், அண்ணாச்சி மனக்கணக்கை முடித்துவிட்டார்.

"ஏன் தம்பி, உலகம் பூரா செருப்பு விக்கிறவனே முப்பத்தஞ்சு டாலர்தான் கொடுத்திருக்கான். நான் ஒத்தைச் செக்கு வச்சிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னதில் 4,000 ரூபாய் என்று தீர்ந்தது.

வேலையின் முதல் வாரத்தை 'நல்லெண்ணெய்' என்ற ஒரு சொல்லே விழுங்கிற்று. அச்சொல்லில் இரண்டு கொம்புகள் இருப்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய அந்தக் கொம்புகள், போட்டோஷாப்பில் அடித்தவுடன் லகரத்துக்கும் ணகரத்துக்கும் பின்னால் போய், ஆளுக்கொரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதைகளைப்போல நின்றன. யூனிகோடில் மெய்யெழுத்தை முதலிலும் கொம்பை அதன் பின்பும்தான் பதிந்து வைக்கிறார்கள். திரையில் காட்டும்போது அதை முன்னுக்குக் கொண்டுவருவது மென்பொருளின் கடமை. அந்தக் கடமையை அதற்கு நினைவூட்டுவதற்கு உள்ளே எங்கேயோ ஓர் இடத்தில் ஒரே ஒரு டிக் போட்டால் போதும் என்ற ரகசியம் நண்பருக்கு வெளியாக மூன்று நாள் ஆயிற்று; அதற்குள், குற்றம் ஃபாண்டுகளுடையது என்று தீர்மானித்து, இன்னும் பதினொன்றை இறக்கி 2,311 ஆக்கிவிட்டார். திருவல்லிக்கேணி டிடிபிக்காரர் ஒருவர், "பாமினியிலே அடிச்சு, கர்வ் பண்ணிக் கொடுத்துட்டுப் போங்க சார்" என்று ஆதியிலேயே சொன்னாராம். எளிதான யோசனைகளை நண்பர் கௌரவக் குறைவாக நினைப்பவர்.

எழுத்து அமைந்தது, இனிப் படம் அமையவேண்டும். படத்துக்கு உத்வேகம் வேண்டும். பின்டரெஸ்டில் ஆலிவ் எண்ணெய்ப் புட்டிகளாகவே நானூறு சேர்த்தும் அது வரவில்லை. அப்போதுதான் அவர் மில்டன் கிளேசரைத் துணைக்கு அழைத்தார். 1976-இல் நியூயார்க் மாகாணத்துச் சுற்றுலாப் பிரசாரத்துக்குச் சின்னம் யோசித்துக்கொண்டு டாக்ஸியில் போன அந்தச் சித்திரக்காரர், சட்டென்று ஒரு சிவப்புக் கிரேயானை எடுத்து, கையில் அகப்பட்ட கிழிந்த உறையின்மேல் மூன்று எழுத்தும் ஓர் இருதயமும் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல் இன்று நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது; அதன் பிரதி உலகத்துப் பனியன்களிலெல்லாம் ஊர்வலம் வருகிறது. கிளேசரோ 1954-லேயே நண்பர்களோடு சித்திரசாலை வைத்து, இருபது வருஷத்துக்கு மேலாகக் கை தேய வரைந்துகொண்டிருந்தவர். இந்தச் சங்கதி நம் நண்பரின் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் பட்டதெல்லாம் டாக்ஸிதான். அந்தச் சின்னத்துக்காகக் கிளேசர் கூலி வாங்கவில்லை என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. அந்த ஓர் அம்சத்தில் ஏற்கெனவே கிளேசரோடு தமக்குச் சமத்துவம் உண்டு என்று நினைத்திருக்கலாம்.

மறுநாள் பிற்பகல், சட்டைப் பையில் ஒரு சிவப்புக் கிரேயானும் கையில் ஒரு பழைய உறையுமாக, லஸ் முனையில் ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறி உட்கார்ந்தார்.

"எங்க சார் போணும்?"

"எங்கேயும் போகவேண்டாம். போய்க்கொண்டே இருங்கள்."

ஆட்டோக்காரர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீட்டர் போட்டுக்கறேன் சார்" என்றார். சென்னை மாநகரத்தில் ஓர் ஆட்டோக்காரர் தாமாகவே மீட்டர் போட முன்வந்த சரித்திரச் சம்பவம் அது ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். கச்சேரி ரோடு, சாந்தோம், கடற்கரைச் சாலை, திருவல்லிக்கேணி, மறுபடி லஸ் என்று பிரதட்சிணமாக ஒன்பது நாள் பிற்பகல்களில் அந்த யாத்திரை நடந்தது. உறையின்மேல் விழுந்த கோடுகள் யாவும் சாலையின் மேடுபள்ளங்களுடைய யதார்த்தச் சித்திரங்களேயன்றி வேறில்லை. கடைசி நாள் வெயிலில் கிரேயான் உருகிச் சட்டைப் பையின் இடப்பக்கத்தில், இருதயம் இருக்கவேண்டிய ஸ்தானத்தில், செக்கச்செவேலென்று ஒரு கறையை உண்டாக்கிற்று. அவ்வளவு தூரம் வரைக்கும் கிளேசரை எட்டிப் பிடித்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். ஆட்டோச் செலவு 2,760 ரூபாய்.

பிறகு ஒருநாள் மாலை அண்ணாச்சி செய்தி அனுப்பினார்: விடிந்தால் ஃபைல் சிவகாசிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் தீபாவளிக்கு லேபிள் கிடையாது. அன்றிரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணிக்குள் செக்கு, மாடு, எள்ளுக் கதிர் எல்லாவற்றையும் நண்பர் போட்டு முடித்தார். உண்மையாகவே அழகாக இருந்தது. மாட்டின் கண்ணில் ஓர் அலுப்பு, நெடுநாள் சுற்றிய அலுப்பு, தத்ரூபமாக விழுந்திருந்தது. அந்த அலுப்பு எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கல்லாவுக்கு மேலே, கோவில்பட்டி கொண்டையராஜு பாணியில் வரைந்து சிவகாசியில் அச்சான பழைய காலண்டர் மகாலக்ஷ்மி, தாமரைமேல் நின்றபடி தானும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடு நல்லாருக்கு தம்பி. அதை எடுத்துட்டு இந்த அம்மாவைப் போட்டுருங்க. கடை பேரை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கிருங்க. பத்து நிமிஷ வேலைதானே?"

பத்து நிமிஷ வேலையாகத்தான் இருந்தது.

இவ்வளவு நாளும் கூடவே சுற்றிய ஆட்டோக்காரருக்கு இதற்குள் நண்பருடைய தொழிலில் ஒரு பக்தியே உண்டாகிவிட்டது. போன வாரம் வாசலில் வண்டியை நிறுத்தி, பின்புறத்தைக் காட்டி, "இங்க என் பொண்ணு பேரை அழகா எழுதித் தரணும் சார், துட்டு குடுத்துடறேன்" என்றார். நண்பர் நெடுநேரம் அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஆட்டோவைப் பற்றி யோசிக்க முடியாது என்று அவருக்குத் தோன்றிற்றுபோலும்.

நேற்றுப் பிற்பகல் லஸ் முனையில் அவரைக் கண்டேன். புதுக் கிரேயானும் புது உறையுமாக, 29சி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.