முழங்கினால்தான் சட்டத்தரணி

கிளிநொச்சி நீதிமன்ற வாசலில் நிற்கும் நம் சனத்தின் தெளிவை மெச்சத்தான் வேண்டும். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்கிறது அரசியலமைப்பு. அது கிடக்கட்டும். விளங்குகிற மொழிக்கு யார் காசு கொடுப்பார்? கறுப்புக் கோட்டு, மேசையில் ஓர் அடி, இடைக்கிடை இங்கிலீசு என்று இருந்தால், அரை ஏக்கர் எல்லை வழக்குக்கு ஒரு ஏக்கரை விற்றே பீஸ் கட்டலாம்.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சட்ட உதவி ஆணைக்குழு, வறியவர்களுக்கு இலவசமாக வழக்காடுகிறது. "சும்மா வாறவர் என்னத்தைக் கிழிக்கப்போறார்?" நியாயமான கேள்வி. காசு வாங்காதவருக்குச் சட்டம் எப்படித் தெரியும்?

பெர்மிட் காணி வழக்குக்காக இரண்டு மாட்டை விற்றுவிட்டு வந்திருந்தார் ஒரு பெரியவர். எதிராளியின் சட்டத்தரணி தவணை கேட்டார். இவருடைய ஆள் எழும்பினார், கோட்டை இழுத்துவிட்டார், கூரை அதிர முழங்கினார்: "நோ ஒப்ஜெக்சன், யுவர் ஒனர்!"

வழக்கு நாலு மாதம் தள்ளிப்போனது. வெளியே வந்த பெரியவருக்குப் புளுகம் தாங்கவில்லை.

"பாத்தியே தம்பி, மற்றவனை ஒரு சொல்லுப் பேச விடேல்லை! மிச்ச மாட்டையும் வித்துப்போடுவம்."