அவையில் பாதி

பாதி இடத்தைப் பெண்கள் பிடித்துவிட்டால், நாடாளுமன்றத்தில் ஆண்கள் எங்கே போவார்கள்? (வாசகர், திண்டுக்கல்)

ருவாண்டாவில் எங்கே போனார்கள்? பக்கத்து நாற்காலிக்குத்தான்! உலகிலேயே முதன்முதலாகப் பெண்கள் பெரும்பான்மையான நாடாளுமன்றம் 2008-ல் அங்கேதான் அமைந்தது. 80 பேர் கொண்ட கீழவையில் பெண்களுக்கென ஒதுக்கியது 24 இடம். 2024 தேர்தலில் உள்ளே வந்தவர்களோ 51 பேர். கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதே 2024-ல் நம் மக்களவைக்கு வந்த பெண்கள் 543-க்கு 74. 2019-ல் 78. ஏறவேண்டியது இறங்கியிருக்கிறது, மனசு ஆறவில்லை.

அதற்குத்தான் பெண்களுக்கான 33 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டதே? (வாசகி, கரூர்)

வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடிந்த பிறகே அமல் என்ற நிபந்தனையோடு வந்தது. அதனால் 2024-க்கு உதவவில்லை. ஆனால், பெண்களுக்கு சீட் கொடுக்கச் சட்டம் எதற்கு? 2024-ல் மக்களவைக்கு ஜெயித்து வந்த திரிணாமுல் காங்கிரஸின் 29 எம்.பி.க்களில் 11 பேர் பெண்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. நாடு முழுக்கப் போட்டியிட்டவர்களிலோ பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. களத்தில் இறக்காமல் ஜெயிப்பது எப்படி?

அடுத்த தேர்தலில் உங்கள் கட்சியின் வேட்பாளர் பட்டியல் வந்ததும், முதலில் பெண்களின் பெயர்களை எண்ணுங்கள். குறைந்தால் மாவட்டச் செயலாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.