பீரோவுக்குள் பென் டிரைவ்

கேள்வி: கல்யாண போட்டோ, பையன் முதல்முதலாக நடந்த வீடியோ எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் போட்டு, பீரோ லாக்கரில் நகையோடு வைத்திருக்கிறேன். இருபது வருஷம் தாங்குமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நகை தாங்கும். பென் டிரைவ் சந்தேகம்தான். அதற்குள் படமாக இருப்பதெல்லாம் நுண்ணிய மின்னூட்டம். எதிலும் செருகாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் மெல்லக் கசிந்துவிடும். திருடன் வராமலே திருட்டு. போலீஸில் புகாரும் கொடுக்க முடியாது.

பெரிய நிறுவனங்களே இப்படித் தவித்ததுண்டு. 1998-இல் பிக்ஸார் அனிமேஷன் ஸ்டுடியோவில் ‘டாய் ஸ்டோரி 2’ படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ ஓர் அழிப்புக் கட்டளையைத் தட்டிவிட, படத்தின் பெரும்பகுதி மாயம். பேக்கப் இருந்தது, அது ஒழுங்காகப் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மனிடம் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்களாம். மாப்பிள்ளை அழைப்பே தோற்றது!

ஆகவே மூன்று பிரதி எடுங்கள். ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று, வேறு ஊரில் நாத்தனார் வீட்டில் ஒன்று. (நாத்தனாரோடு பேச்சுவார்த்தை இருப்பது அவசியம்.) கூகுள் கணக்கை இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காவிட்டால் அவர்கள் அழித்துவிடலாம், ஜாக்கிரதை. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது, எல்லாப் பிரதிகளும் திறக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியே அந்த ‘குட் மார்னிங்’ ரோஜாப் படங்களை அழித்துவிடுங்கள். அவற்றுக்கு பேக்கப் உங்கள் சித்தப்பாவிடம் இருக்கிறது.