கவுன்சிலர் ஆவது எப்படி: புதுச்சேரி முறை

புதுச்சேரியில் கவுன்சிலர் ஆக நினைப்பவருக்கு முதலில் வேண்டியது கட்சியும் இல்லை, காசும் இல்லை. ஆயுசு. நகராட்சித் தேர்தல் 1968-ல் ஒன்று நடந்தது. அதற்கு அடுத்தது 2006-ல். ஊரின் உப்பளம் பேட்டைப் பையன் ஒருவன் அறுபத்தெட்டில் இருபத்தைந்து வயதில் நின்று தோற்று, ‘போகட்டும், அடுத்த தடவை பாத்துக்கலாம்’ என்று வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால், அந்த அடுத்த தடவை வந்தபோது அவருக்கு வயது 63. ஓட்டுக் கேட்க வீட்டுக்கு வீடு மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைத்திருக்காது.

இத்தனைக்கும் இந்த ஊர் தேர்தலுக்குப் புதிசு இல்லை. பக்கத்து ஊர் வெள்ளைக்காரர்களிடம் ரிப்பன் பிரபு ‘உள்ளாட்சி’ என்று பேச்செடுத்தது 1882-ல். நம் வெள்ளைக்காரர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்னமே, 1880 மார்ச் 12-ல், பாரிஸில் ஓர் ஆணை போட்டு பாண்டிச்சேரிக்கும் மற்ற கொம்யூன்களுக்கும் நகரசபை, மேயர், தேர்தல் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். வரி கட்டியவனுக்குத்தான் ஓட்டு என்ற கஞ்சத்தனமும் கிடையாது. ஆண்பிள்ளையாக இருந்தால் போதும். கட்டுமரக்காரனுக்கும் ஓட்டு, கடைக்காரனுக்கும் ஓட்டு. பெண்களைப் பற்றி யோசிக்க சமத்துவம், சகோதரத்துவம் பேசிய குடியரசுக்கு 1940-கள் வரை நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் ஓட்டுக்கு ஓட்டு எடை வித்தியாசம் உண்டு. அதற்குக் காரணம் ஒரு ஜோடி பூட்ஸ். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் 1873-ல் ஐரோப்பிய உடையும் பூட்ஸுமாகக் கோர்ட்டுக்குள் நுழைந்தார். இந்தியன் வெறுங்காலோடுதான் வர வேண்டும் என்று நீதிபதி தண்டித்தார். பிள்ளைவாள் விடவில்லை, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்தப் பூட்ஸை ஜெயிக்க வைத்தார். பூட்ஸ் கிடைத்ததும் மற்றதும் வேண்டும் என்று தோன்றுவது இயற்கைதானே? 1881-ல் சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போக ஓர் ஆணை வந்தது. துறந்தவர்கள் ரெனோன்சான்கள். பொன்னுத்தம்பி, லாபோர்த் ஆனார்.

இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? வெள்ளைக்காரர்கள் ‘எங்களோடு வேண்டாம்’ என்றார்கள், ஊர்க்காரர்களும் அதையே சொன்னார்கள். 1884-ல் அரசாங்கம் மூன்று பட்டியல் போட்டது: ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, துறக்காதவருக்கு ஒன்று. முதல் பட்டியலில் சில நூறு பேர், மூன்றாவதில் பல்லாயிரம் பேர், ஆனால் நாற்காலிகளில் சமபங்கு. சமத்துவம் என்று கல்லில் பொறித்து வைத்தவர்களின் கணக்கு இது.

இந்தக் குழப்பத்தில் மூன்றாவது பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்தான் ராஜா. அவர் பெயர் சண்முக வேலாயுத முதலியார். 1880-களில் தொடங்கி 1908 வரை அவர் விரலை அசைக்காமல் இங்கே எந்தத் தேர்தலும் முடியவில்லை. கவுன்சிலர்கள் மட்டுமா? பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குப் போன நம் தொகுதி உறுப்பினரும் அவர் தயவில்தான் போனார். அந்தத் தொகுதியின் தனிச்சிறப்பு, வேட்பாளர் தொகுதியைப் பார்க்கவே வேண்டாம் என்பது. பாரிஸில் காபி குடித்துக்கொண்டே உப்பளத்தில் ஜெயிக்கலாம்.

எப்படி ஜெயிப்பது என்பதில் நம் முன்னோர்கள் காட்டிய நுட்பத்தை எந்தப் பாடப்புத்தகமும் எழுதாது. வாக்குச்சாவடித் தலைமை மேயருக்கு. அந்த மேயரும் ஏதாவது ஓர் அணிக்காரர். பரீட்சை எழுதிய பையனையே தாள் திருத்தச் சொன்ன மாதிரி. மேயர் கட்டிடமான மேரி யார் கையிலோ, பெட்டியும் அவர் கையில். பெட்டி கையில் இல்லாதவர் தடியோடு வந்தார். தேர்தல் வாரத்தில் அடியாட்களுக்கு அறுவடைக் கூலியைவிட நல்ல கூலி கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். உப்பளத்தில் ஒரு பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே படுத்திருப்பவர்கள் இறுதித் தீர்ப்பு நாளில் எழுந்திருப்பார்கள் என்பது வேதம். வாக்காளர் பட்டியல் அதுவரை அவர்களைக் காக்க வைக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய நாளாகும். பால் ரிஷார் என்ற தத்துவப் பிரியர் பாரிஸிலிருந்து வந்து 1914-ல் பாராளுமன்ற உறுப்பினர் பதவிக்கு நின்றார். கையில் கொள்கை இருந்தது, அடியாள் இல்லை. தோல்வி என்று சொன்னால் தோல்விக்கு அவமானம். பழைய உறுப்பினர் பால் ப்ளூசனே மறுபடியும் ஜெயித்தார். ஆனால் ரிஷாரோடு அவர் மனைவி மிர்ராவும் வந்திருந்தார்; பிற்காலத்தில் ஊரே ‘அன்னை’ என்று அழைத்தவர். இன்று அரவிந்தர் ஆசிரமத்தை நம்பி அறை வாடகைக்கு விடும் புண்ணியவான்கள், ஒரு வேட்பாளரின் அசட்டு நம்பிக்கைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அரவிந்தர் பாடு இன்னும் வேடிக்கை. நந்தகோபால் செட்டி என்ற தேர்தல் புள்ளி தன் ஆட்களை விட்டு அவரைக் கடத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளத் திட்டம் போட்டதாக நளினி காந்த குப்தர் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். யோகம் பயில வந்த சீடர்கள் ராத்திரி அமிலப் புட்டியோடு காவல் இருந்தார்களாம். கடத்தல்காரர்கள் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து செட்டியார் மேலேயே வாரண்ட் வந்து, அவர் சென்னைக்கு ஓடிவிட்டார்.

1946 ஜூனில் ஒரே பட்டியல், பெண்களுக்கும் ஓட்டு. கம்யூனிஸ்ட் தலைவர் சுப்பையா முதலானோரின் தேசிய ஜனநாயக முன்னணி 122 இடத்தில் 101-ஐப் பிடித்தது. இரண்டே வருடத்தில் காற்று மாறி, 1948 அக்டோபரில் பிரான்ஸ் பக்கம் நின்ற எதுவார் குபேரின் கோஷ்டி ஜெயித்தது. அந்தத் தேர்தலுக்கு வாக்காளர் அட்டை கொடுப்பதில், கேரளக் கரையில் இருக்கும் நம் மாஹேயில் மூண்ட சண்டை எங்கே போய் நின்றது தெரியுமா? ஜனங்கள் மேரிக்குள் புகுந்து பிரெஞ்சுக் கொடியையே இறக்கிவிட்டார்கள். பிரான்ஸ் பதிலுக்குப் போர்க்கப்பல் அனுப்பியது. நகராட்சித் தேர்தலுக்குக் கப்பற்படை வந்த பெருமை வேறு எந்த ஊருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

குபேர் பிரான்ஸ் பக்கம் இருந்தவரைக்கும் பிரான்ஸுக்கு ஓட்டு விழுந்தது. 1954 மார்ச்சில் அவர் இந்தியா பக்கம் திரும்பினார். மேயர்களும் வரிசையாகத் திரும்பினார்கள். மக்கள் மனமாற்றம் என்று வரலாற்று நூல்கள் இதை எழுதுகின்றன. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன், வம்பு எதற்கு?

அந்த வருடம் அக்டோபர் 18-ல் கீழூர் என்ற குக்கிராமத்தில் ஊர்ப் பிரதிநிதிகள் கூடினார்கள். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களுமாக 178 பேர். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. முடிந்தது. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் தேர்ந்தெடுத்த ஆட்கள், ஒரே நாளில், நாம் எந்த தேசத்துக்காரர் என்று முடிவு பண்ணிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். உலகத்தில் எந்தக் கவுன்சிலரும் இதற்கு மேல் அதிகாரம் செலுத்தியதில்லை என்று அடித்துச் சொல்வேன்.

அதுதான் உச்சம். அதற்கப்புறம் இறக்கம். 1968 தேர்தல் முடிந்து, 1973-ல் நகராட்சிச் சட்டம் புதிதாக எழுதினார்கள். எழுதிய மை காய 33 வருடம் பிடித்தது. கோர்ட் ஊதிக் காய வைத்த பிறகுதான் 2006-ல் தேர்தல். அந்தக் கவுன்சிலர்களின் காலம் 2011-ல் முடிந்தது. கடற்கரை மேரி ‘இனி எனக்கு என்ன வேலை’ என்று நினைத்ததோ என்னவோ, 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று விழுந்தது. சுமார் 15 கோடி ரூபாயில் அதே அழகில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமரே திறந்து வைத்தார். கட்டிடம் வந்தது, மேயர் வரவில்லை. அந்த வருடமே தேர்தல் தேதியும் அறிவித்தார்கள்; இடஒதுக்கீட்டு வழக்கில் அது நின்றது.

ஏன் யாருக்கும் அவசரமில்லை என்பது ஒரு சின்னக் கணக்கு. புதுச்சேரியில் ஏறக்குறைய பத்து லட்சம் வாக்காளர்களுக்கு 30 எம்.எல்.ஏ.க்கள், ஆளுக்கு முப்பதாயிரம் சொச்சம். 2022 தேர்தலில் சென்னை மாநகராட்சியில் ஒரு வார்டுக் கவுன்சிலருக்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். ஆக, நம் எம்.எல்.ஏ. சட்டசபைக்குப் போகிற கவுன்சிலர். வாய்க்கால் அடைப்பு, தெருவிளக்கு, காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அவரே வருகிறார். அதே தெருவில் இன்னொருவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அடைப்பைப் பார்வையிட வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆகவே உப்பளத்தில் கவுன்சிலர் ஆகத் துடிக்கும் தம்பிகள் நேராக எம்.எல்.ஏ.வுக்கு நின்றுவிடுவது உத்தமம். வேலை அதேதான், சம்பளம் கூடுதல், தேர்தலும் சொன்ன தேதியில் வருகிறது.