சொகுசு வாகன விசாரம்: பொத்தேரிப் பிரமாணத்தின்படி

ஒரு வஸ்துவை வாங்குவதற்கு முன் அதன் லட்சணத்தை நிர்ணயிப்பது விவேகிகளின் வழக்கம். வாங்கிய பின் நிர்ணயிப்பது ஏனையோரின் வழக்கம். பின்னவரே பெரும்பான்மையோராக இருப்பதை உத்தேசித்து, சிறியது, சொகுசானது, எஸ்.யு.வி. என்று ஒரே மூச்சில் மூன்று பட்டங்கள் சூட்டப்பெற்ற மோட்டார் வாகனத்தை வாங்கக் கருதியிருக்கும் கனவான்களுக்கு உபகாரமாக இந்த விசாரத்தை இயற்றலானோம்.

ஆராய்ச்சிப் பொருளாக பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 என்னும் வண்டியையும், பரீட்சைக் களமாகச் சென்னைக்குத் தெற்கேயுள்ள பொத்தேரியையும் வரித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2007 மார்ச்சில் மகிந்திரா சிட்டியில் திறக்கப்பட்ட தொழிற்சாலையிலிருந்துதான் 2010ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வண்டி முதன்முதலாக நம் நாட்டுச் சாலைக்கு வந்தது. அதற்கு அருகிலுள்ள பரனூர், பொத்தேரியிலிருந்து தெற்கே மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம். கோத்திரம் ஜெர்மானியமாயினும் ஜனனம் செங்கல்பட்டுச் சீமையிலே என்று ஆனபிறகு, அதன் குணதோஷங்களைச் செங்கல்பட்டுச் சீமையின் தெருவிலேயே சோதிப்பதுதான் நியாயம்.

முதலில் லட்சணம். ‘சிறியது’ என்பதற்கு நம் வரிச் சட்டம் வகுத்த எல்லை 4,000 மில்லிமீட்டர் நீளம். 2023 ஜனவரியில் இங்கே விற்பனைக்கு வந்த எக்ஸ்1 வண்டியோ 4,500 மில்லிமீட்டர். அகலம் 1,845, பக்கவாட்டுக் கண்ணாடிகளை விரித்தால் இரண்டு மீட்டரையும் தாண்டிவிடும். ஆகவே சிறுமை அடிபட்டது. அடுத்து எஸ்.யு.வி., அதாவது ‘விளையாட்டு, பயன்பாட்டு வாகனம்’ என்னும் பட்டம். 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவுபடுத்தியபடி, அன்றிருந்த கூடுதல் செஸ் வரிக்குரிய எஸ்.யு.வி. எனப்படுவதற்கு நீளம் 4,000 மி.மீ.க்கு மேலும், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேலும், தரையிடைவெளி 170 மி.மீ.க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டியிருந்தது. எக்ஸ்1 வண்டியின் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 1,499 சி.சி. வரம்பைத் தொடுவதற்கே ஒரு சி.சி. குறைவு! ஆகச் சாஸ்திரப்படி சிறியதும் அன்று, எஸ்.யு.வி.யும் அன்று.

எஞ்சி நிற்பது சொகுசு ஒன்றே. அதற்கு வரியே சாட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு 18 சதவீதமும் இத்தகையனவற்றுக்கு 40 சதவீதமும் ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. அதன்மேல் 20 லட்சத்தைக் கடந்த கார்களுக்குத் தமிழ்நாடு அரசு வாங்கும் ஆயுள் வரி 20 சதவீதம். அறிமுகமான நாளில் பெட்ரோல் வண்டிக்குச் சொல்லப்பட்ட 45.90 லட்சத்தையே கணக்குக்கு வைத்துக்கொண்டாலும் ஆயுள் வரி மட்டும் 9 லட்சத்தைத் தாண்டுகிறது. அதாவது ஒரு வண்டியை வாங்குகிறவர், இன்னொரு குடும்பம் ஏறிச் செல்லத்தக்க வண்டியின் விலையை ஆர்.டி.ஓ. ஆபீஸில் செலுத்திவிட்டு, அந்த இரண்டாவது வண்டி இல்லாமலே வீடு திரும்புகிறார்.

இனிப் பரீட்சை. வேகத்தடை இத்தனை அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது; ஆனால் பொத்தேரியின் உட்தெருக்களில், மிச்சமான தாரைக் கொட்டி ராவோடு ராவாக வேகத்தடை எழுப்புகிறவர்கள் அந்த அளவு நூலைப் பாராயணம் செய்தவர்கள் அல்லர். வெள்ளைக்கோடும் இல்லாத அத்தகைய மேடு ஒன்றின் முன் ஒரு மாலை வேளையில் கன்னங்கரிய எக்ஸ்1 ஒன்று வந்து நின்றது. ஓட்டியவர் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டி மேட்டை அளந்தார். பிறகு பின்னிருக்கையைப் பார்த்து, “அம்மா, ஒரு நிமிஷம் இறங்கிக்கம்மா, அடி தட்டிடும்” என்றார். அம்மையார் இறங்கினார். “இவ்ளோ பணத்தைக் கொட்டி வாங்கினது என்னை நடக்க விடறதுக்காடா?” என்று கேட்டுக்கொண்டே மேட்டைக் கடந்து, அப்பால் போய் நின்றார். வண்டி கோணலாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறங்கிற்று. எங்கும் தட்டவில்லை. அதே சமயம் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகத் தண்ணீர் கேன்களைச் சுமந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று, வேகத்தைச் சற்றும் குறைக்காமல் மேட்டின் மீது துள்ளி மறைந்தது. துள்ளலை விளையாட்டு என்றும் சுமையைப் பயன்பாடு என்றும் கொண்டால், எஸ்.யு.வி. என்னும் பட்டம் அன்றைக்கு யாருக்கு உரியது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

எக்ஸ்1 எஞ்சினின் ஆற்றல் 136 குதிரைத்திறன், கியர்களோ ஏழு. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொன்றுமாக இரண்டு கிளட்சுகள் மாறிமாறிப் பற்றுவதால், ஓட்டம் அறுபடாமல் வேகம் ஏறும் என்பது அதன் தத்துவம். ஆயின் கல்லூரிப் பேருந்துகள் கலையும் மாலையில் காட்டாங்குளத்தூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையில் ஊர்ந்தவர்கள் அறிவார்கள்: முதல் இரண்டு கியர்களுக்கு மேல் உள்ளவை யாவும் அவ்வேளையில் ஆத்மா போல, இருப்பதாக நம்பத்தக்கவையே ஒழியக் காணத்தக்கவை அல்ல.

இங்கே பூர்வபட்சி ஒருவர் எழுந்து, “2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்தீரா? வெள்ளத்துக்கு உயரமான வண்டி வேண்டாமா?” என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் கனமானதே. ஆனால் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த மாத்திரத்தில், கனமழை பிடிப்பதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் மீது கார்கள் வரிசை கட்டி நின்றதை ஊரே கண்டது. அவற்றில் உயரமான வண்டிகளும் இல்லாமலில்லை. வெள்ளத்தைக் கடப்பதற்கென்று வாங்கிய உயரத்தை, வெள்ளம் வரும்போது அதைவிட உயரமான இடத்தில் பத்திரப்படுத்துகிறோம்.

ஆதலால் சித்தாந்தம் பின்வருமாறு ஸ்தாபிதமாகிறது: விலை ஏற ஏற வண்டியின் திறமை ஏறுவது உண்மையே, எனினும் அதைவிட விரைவாக உடையவரின் அச்சம் ஏறுவதால், வண்டிக்கு எது இயலும் என்பதும் வண்டியை எதற்கு விடுவோம் என்பதும் ஒரு கட்டத்தில் பிரிந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்துக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அச்சத்துக்குச் செலுத்தும் காணிக்கை.

வாங்க விரும்புவோர் ஷோரூம்காரர் காட்டும் அகன்ற சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். தம் தெருவுக்கே கொண்டுவரச் சொல்லி, தம் வீட்டு கேட்டுக்குள் ஒருமுறை நுழைத்து, எதிரே தண்ணீர் லாரி வரும்போது பின்னுக்கு எடுத்துப் பார்க்கட்டும். முதல் கீறல் விழும் நாளில் எந்த விலை கொடுத்த வண்டியைப் பார்த்துச் சிரிக்க முடியுமோ, அதுவே அவரவர்க்கு உகந்த விலை. எந்த விலையிலும் சிரிக்க இயலாதவர்களுக்குப் பொத்தேரி ரயில் நிலையம் சாலையை ஒட்டியே இருக்கிறது.