டிப் ஸ்டிக்கைக் கட்டிப் போட்டவன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறையில், கம்ப்ரஸர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு ஆயில் ஒழுகினால் வருடத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல் வீண் என்று அதில் எழுதியிருக்கும். 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். கணக்குப் போட்டவன் நான். கீழே இருப்பதும் என் கையெழுத்துதான். மெஷினுக்கு அடியில் தட்டு வைத்து ஒழுகலைப் பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டு, "தட்டு வைக்கிறது வைத்தியம் இல்லப்பா" என்று வகுப்பெடுப்பதும் நான்தான்.

திருவள்ளூரில் என் கார் நிற்கும் இடத்தில், என்ஜினுக்கு நேர் கீழே, ஒரு பழைய பிஸ்கட் டின் மூடி வைத்திருந்தேன்.

காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வயதான காலத்தில் அதன் மானத்தை வாங்குவானேன்? தவிர, கடைசியில் குற்றவாளி அது இல்லை என்று தெரிந்துவிட்டது. பெட்ரோல் வண்டி, பழசு என்பது போதும்.

ஊரை நினைத்தால்தான் வெட்கம் கூடுகிறது. திருவள்ளூர் பக்கம் 1970-களிலேயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மண் அள்ளும் எந்திரங்கள் செய்தது. அந்த ஆலை பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போய், சுரங்கத்தில் ஓடும் ராட்சத டிரக்குகள் அங்கே தயாராகின்றன. 1998-ல் லான்சர் கார் இந்த மண்ணில்தான் உருவானது. அது உருவான ஆலையில் இப்போது சிட்ரோன் கார்கள். தெருவுக்கு ஒருவராவது ஏதோ ஒரு ஆலையில் என்ஜினைத் தொட்டவராக இருப்பார். அப்படிப்பட்ட ஊரில், சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் டின் மூடி வைத்துக்கொண்டு நின்றேன்.

காரை விற்றுத் தொலைக்கலாமே என்பீர்கள். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ஒன்று அரக்கோணம் மார்க்கத்து ரயில், மற்றது கூடூர் மார்க்கம். மின்சார ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்குப் போய், வண்டி மாறி, திரும்ப வடக்கே வர வேண்டும். காரில் பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம் வழியாக ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்தால் நேர் வழி. அதனால் வண்டி ஒழுகினாலும் ஓட வேண்டியிருந்தது.

முதலில் வாசனைதான் வந்தது. ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றால் ஆயில் கருகும் நெடி. எனக்கு முன்னால் எப்போதும் ஏதாவது ஒரு லாரி நிற்கும். அதன்மேல் பழி போட்டேன். கும்மிடிப்பூண்டி நெருங்கினால் இரும்பு உருக்குகிற ஊர், நெடிக்கு வேறு ஆளே தேட வேண்டாம். வீட்டு வாசலிலும் அதே நெடி வந்தபோது பக்கத்து வீட்டுச் சமையலைச் சந்தேகித்தேன். மனைவி தரையைக் காட்டினாள். கோலம் போடும் இடத்துக்குள் கறுப்பாக ஒரு வட்டம் இறங்கியிருந்தது. அவள் கோலத்தை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை. நான் ஆயில் வாங்கி ஊற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்த பிறகுதான் கேட்டாள்: "என்னங்க, நீங்க அதுக்கு ஊத்துறீங்க, அது தரைக்கு ஊத்துது. நேரா தரையிலயே ஊத்திட்டா பெட்ரோலாவது மிச்சமாகுமே?"

வண்டியை பாயிடம் கொண்டுபோனேன். பழைய வண்டிகளுக்கு எங்கள் பக்கம் பாய்தான். பிட்டுக்குள் இறங்கிப் பார்த்தார். என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம், அதன் நுனியில் சொட்டு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் ஒழுகவில்லை. "நின்னா ஒழுகல, ஓடினா ஒழுகுது" என்று தாடியைச் சொறிந்தார். "சார், நல்லா வாட்டர் வாஷ் அடிச்சி, காய வெச்சி, என்ஜின் மேல பவுடர தூவி ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. தானா காட்டிக் குடுத்துடும்."

"பவுடரா? கிராங்க் ஆயில் சீல் போயிருக்கு பாய், சொட்டுற இடத்தைப் பார்த்தாலே தெரியுதே."

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சிப்காட்டில் பெரிய வேலை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கிராங்க் சீல் விலை குறைவு. அதைத் தொட வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச்சைக் கழற்ற வேண்டும், கூலிதான் பெரிசு. அதனால் அந்த முடிவுக்குத் துணிவதற்கு முன் சில்லறை வைத்தியங்கள் செய்து பார்த்தேன். ஆயில் மெலிசாக இருப்பதால் ஒழுகுகிறது என்று 20டபிள்யூ-50 வாங்கி ஊற்றினேன். கெட்டியான ஆயில் அதே சுறுசுறுப்போடு இறங்கியது. சேம்பர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன். முறுக்க முறுக்க பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும், இருக்கிற அடைப்பும் போகும் என்று பட்டறைப் பையன்களுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்தப் படத்தில் இருந்தது வேறு எவனுடைய போல்ட்டோ. பிதுங்கிய இடத்தில் சிலிக்கான் சீலண்டைப் பிதுக்கினேன். ஆயில் பட்ட இடத்தில் அது எப்படி ஒட்டும்? நாலு நாளில் தோலாக உரிந்து கையோடு வந்தது.

கடைசியில் கியர் பாக்ஸ் இறங்கியது. அந்த நாட்களில் சென்னையைச் சுற்றி ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். பாய் கூப்பிட்டுக் காட்டினார். "உள்ள பாருங்க சார். கிளட்ச்ல ஒரு சொட்டு இல்ல. சீல் பக்கம் காஞ்சி கிடக்கு. வெளிய எங்கியோ இருந்துதான் வழிஞ்சி வருது." அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். "வந்தது வந்தாச்சு, மாத்திடுங்க பாய்" என்றேன். இதற்கு முன் வண்டியை வைத்திருந்தவர் சரியாகப் பராமரிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் பாவம், அங்கே இல்லை.

புதுச் சீலோடு வீட்டுக்கு வந்த வண்டி, மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பியதும் டின் மூடியை நிரப்பியது.

இதில் ஒரு சங்கதியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஜி.என்.டி. ரோட்டில் வேகமாக வந்த நாட்களில் பானட்டைத் திறந்தால் டிப் ஸ்டிக் ஓர் அங்குலம் மேலே எழும்பி நிற்கும். அழுத்தி உள்ளே தள்ளுவேன். மறுபடி எழும்பும். ஆட்டத்தில் தளர்ந்துவிட்டது என்று பைண்டிங் கம்பியால் கட்டிப் போட்டேன். கட்டு நன்றாக வந்ததில் கொஞ்சம் பெருமைகூட. வாயைத் திறந்து சொல்ல வந்த ஒரே சாட்சியை அப்படி அமுக்கினேன்.

பவுடருக்கு நான் இறங்கி வந்த கதை எங்கள் பட்டறையில் நடந்தது. அன்று ஒரு டேங்க்குக்கு மண்ணெண்ணெய்ச் சோதனை. வெல்டிங்கின் ஒரு பக்கம் சாக்கட்டித் தூளைக் கரைத்துப் பூசிக் காயவிடுவோம். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவோம். கண்ணுக்குத் தெரியாத துவாரமாக இருந்தாலும் மண்ணெண்ணெய் புகுந்து வந்து வெள்ளையில் கறையாக நிற்கும். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ரயில்வே பட்டறைகளில் எண்ணெயையும் சாக்கட்டித் தூளையும் வைத்து இரும்பில் விரிசல் பார்த்திருக்கிறார்கள். வெள்ளையில் படர்ந்த கறையை வண்ணச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோதுதான், பாய் சொன்ன பவுடர் இதுதானே என்று உறைத்தது. சம்பளத்துக்காகச் செய்யும் சோதனையைச் சொந்த வண்டிக்குச் செய்யச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ஜினைக் கழுவிக் காயவைத்து, மனைவியின் முகப் பவுடரைக் கேட்காமல் எடுத்துத் தூவினேன். பெரியபாளையம் வரை வேகமாகப் போய்த் திரும்பினேன். கீழே முக்கால்வாசி வெள்ளை. டேப்பட் கவரின் பின்பக்க மூலையில், டேஷ் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரை ஒட்டி, கையும் கண்ணும் போகாத இடத்திலிருந்து பழுப்பாக ஒரு கோடு. அது என்ஜின் முதுகில் இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் குளம் கட்டி, அங்கிருந்து சொட்டுகிறது. ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே ஈரங்களில் எது உயரமானதோ, எது முன்னால் இருக்கிறதோ, அங்கேதான் தேட வேண்டும். நான் கடைசி ஈரத்தில் ஆரம்பித்திருந்தேன்.

வண்டியை பாயிடம் கொண்டுபோய் அந்தக் கோட்டைக் காட்டி, டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றினால் தீர்ந்தது என்று எழுந்தேன். பாய் விடவில்லை. "பேக்கிங் ஏன் சார் பிதுங்குச்சு?" பட்டறையில் நான் ஐந்து 'ஏன்' கேட்கச் சொல்லித் தருகிறேன். முதல் 'ஏன்'-ஐ பாய் கேட்க வேண்டியிருந்தது. டிப் ஸ்டிக்கைப் பார்த்தார், பைண்டிங் கம்பியைப் பார்த்தார், "இது யாரு கட்டினது?" என்றார். நான் ஏர் ஃபில்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் அங்கேதான் வந்தார். பெட்டியைத் தூக்கினார். டேப்பட் கவரிலிருந்து ஃபில்டர் பெட்டிக்குப் போகும் பிரீத்தர் ஹோஸ் அதனடியில் மடங்கி நசுங்கிக் கிடந்தது.

எந்த என்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். ஐடிலில், பி.சி.வி. வால்வு வழியாக இன்டேக்கே அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் பாய் பட்டறையில் நிறுத்திப் பார்த்தபோது சொட்டு வரவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறைந்து, வாயு கூடுகிறது. மிச்சம் பிரீத்தர் வழியாக ஃபில்டருக்குப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டதால் உள்ளே அழுத்தம் ஏறி, டிப் ஸ்டிக்கைத் தள்ளியது. அதைக் கட்டியதும், இருப்பதில் பலவீனமான பேக்கிங்கைத் தேடிப்போனது.

ஹோஸை மடக்கியது யார்? ஏர் ஃபில்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்து, நானே மாட்டிய நாளை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒழுகல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். லாரி, உருக்காலை, பக்கத்து வீடு, பழைய ஓனர், கிராங்க் சீல் என்று என்னைத் தவிர எல்லாரையும் விசாரித்திருக்கிறேன்.

புது ஹோஸ், புதுப் பேக்கிங், கொஞ்சம் கூலி. பாய் வாங்கிய காசு கியர் பாக்ஸுக்குக் கொடுத்ததில் சிறு துண்டு. தரை காய்ந்துவிட்டது. பவுடர் டப்பா விவகாரம் மட்டும் வீட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

போன வாரம், எங்கள் பட்டறை நண்பர் ஒருவர் தன் வண்டி ஒழுகுகிறது என்றார். முதலில் கழுவுங்கள், பவுடர் தூவுங்கள், மேலிருந்து கீழே பாருங்கள், பிரீத்தரைப் பாருங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் வேண்டாம் சார், பார்த்தாலே தெரியுது, கிராங்க் சீல்தான்" என்றார். இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த விஷயத்தில் ஊரில் நான் ஒருவனே என்று இருப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.