பத்துக்கு எத்தனை?

பர்மிங்ஹாம்,
தை 6.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு விரல் நீங்கலாக நான் நலம்.

நேற்று வீடியோ காலில், "ஒரு விரல்தானே ஒடிஞ்சுது, ரெண்டு விரலை ஏன் சேர்த்துக் கட்டியிருக்கான்?" என்று கேட்டீர்கள். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிப் புத்தூர் கட்டு பற்றிப் பேச ஆரம்பித்ததால் பதில் சொல்ல வாய்க்கவில்லை. இங்கே வைத்தியம் அப்படித்தான். ஒடிந்த ஆள்காட்டி விரலை, நன்றாயிருக்கும் நடுவிரலோடு சேர்த்து டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். மூன்று நாலு வாரத்தில் எலும்பு கூடிவிடுமாம். உங்கள் வகுப்பில் மக்குப் பையனை நன்றாகப் படிக்கிற பையன் பக்கத்தில் உட்கார வைப்பீர்களே, அதே முறை.

நடந்தது இதுதான். பொங்கலுக்கென்று ஒரு தேங்காய் வாங்கினேன். வீட்டில் அரிவாள் இல்லை. வாசல்படியில் அடித்து உடைத்தால் கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார். என்னோடு தங்கியிருக்கும் நைஜீரியப் பையன் ஒரு சுத்தியல் கொடுத்தான். மூன்றாவது அடியில் உடைந்தது. தேங்காய் இல்லை.

இங்கே 999 என்பது உயிர் போகிற அவசரத்துக்கு. மற்றவற்றுக்கு 111. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது. 111-ஐக் கூப்பிட்டேன். போனை எடுத்த அம்மாள் கம்ப்யூட்டர் காட்டுகிற கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டார். மூச்சு விட முடிகிறதா? நெஞ்சில் வலி உண்டா? "விரல் அம்மா, வெறும் விரல்" என்றாலும் வரிசைப்படிதான் வருவார். தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளரை இணைக்கட்டுமா என்றுகூடக் கேட்டார். ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் ஏழரை வாங்கியவனாயிற்றே, வேண்டாமென்றேன். அந்த ஏழரைதான் பிடித்தது.

அடுத்த கேள்வி: "வலி பத்துக்கு எத்தனை?"

விண்விண்ணென்று தெறிக்கிறது. நடுவில் சுருக்கென்று ஒரு குத்து. அது போனால் ஒரு குடைச்சல், பின்னாலேயே ஒரு கடுப்பு. இத்தனையையும் கூட்டி ஒரே ஒரு எண் சொல்ல வேண்டுமாம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த நீங்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவனுக்கும் ஒரு மார்க்கைக் கையில் பிடித்து வைப்பீர்கள். அந்த வளர்ப்பில் வந்தவன் எப்படிப் பத்து என்பேன்? "ஆறு" என்றேன். ஆம்புலன்ஸ் வேண்டாம், நீங்களே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள் என்றார். பஸ்ஸில் போனேன்.

அங்கே முகப்பில் இருந்தவர் கேட்டார்: பத்துக்கு எத்தனை? ஆறு. அரை மணி கழித்து நர்ஸ் கூப்பிட்டு அதையே கேட்டார். சுவரில் ஒரு படம். வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, அதற்குப் பூஜ்யம். கடைசி முகம் கண்ணீர் விடுகிறது, அதற்குப் பத்து. நீங்கள் என் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது என் முகம் அந்தக் கடைசி முகம்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுகுகிறது. அவரிடமும் கேட்டார்கள். யோசித்து, "மூணு இருக்கும்" என்றார். அவருக்கே மூன்றென்றால் எனக்கு எப்படி ஆறு? மானம் போகிறதே என்று, "நாலரை என்று மாற்றிக்கொள்ளுங்கள்" என்றேன். அரை மார்க் கிடையாது என்றார் நர்ஸ். எக்ஸ்ரே எடுத்தவரும் கேட்டார், ஐந்து. கடைசியாக டாக்டர். அதற்குள் ராத்திரி பதினொன்றாகிவிட்டது, ஏழு என்றேன். "ஏறிக்கொண்டே போகிறதே" என்று கவலைப்பட்டார். பசி, டாக்டர்.

மார்க்கை வைத்து மட்டும் இங்கே முறை வருவதில்லை, உயிராபத்தை வைத்து வருகிறது என்பது அப்புறம்தான் விளங்கியது. நாலு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டுமென்பது இலக்கு. எனக்கு ஆனது ஆறு மணி நாற்பது நிமிஷம். குளிர்காலம், கூட்டம். ஆனாலும் இருபது நிமிஷத்துக்கொருமுறை யாராவது வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

படிவத்தில் ஓர் இடம்: அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? உங்கள் நம்பரை 91 போட்டு எழுதினேன். இந்த ஊரில் யாராவது உண்டா என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு சுத்தியல் கொடுத்தவன் பெயரை எழுதினேன். நம் ஊரில் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பதினோரு பேர் போனோமே. வாட்ச்மேன் திட்டியும் யாரும் கலையவில்லை. இங்கே என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் அதில் கோட்டை வைத்திருந்தேன்.

பில் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு பைசா இல்லை. ஆனால் இலவசம் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். விசாவோடு சேர்த்து 1,164 பவுண்டு சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்டினோமே, அம்மாவின் வளையல் போன கணக்கு, அதுதான் இது. மாணவர்களுக்கு வருஷத்துக்கு 470 பவுண்டாக இருந்ததை 2024 பிப்ரவரியில் 776 ஆக்கினார்கள். அந்த வளையலுக்கு இதுவரை ஓர் எக்ஸ்ரேயும் ஒரு முழ டேப்பும் தேறியிருக்கின்றன.

சித்தி மகன் செப்டம்பரில் வருகிறானல்லவா, அவனிடம் இதைச் சொல்லுங்கள். வந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிட வேண்டும். எனக்கும் சொன்னார்கள், தலையை ஆட்டிவிட்டு மறந்தேன். "உங்கள் ஜி.பி. யார்?" என்று கேட்டபோது திருதிருவென விழித்தேன். பல்லை அங்கேயே பார்த்துவிட்டு வரட்டும். இங்கே பல்லுக்குத் தனிக் காசு. மருந்துச் சீட்டுக்கும் ஓர் ஐட்டத்துக்கு 9.90 பவுண்டு. தேங்காய் வேண்டுமென்றால் துருவிய பாக்கெட்டாகக் கிடைக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு.: உண்மையான மார்க் எட்டு. அம்மா கேட்டால் மூன்று என்று சொல்லுங்கள்.